உங்கள் நாட்டு ஓட்டர் லிஸ்ட் எங்கே?
கற்பனை தேசங்களைப் படைக்கும் தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே,

மிகுபுனைவு, அறிவியல் புனைவு, மாற்று வரலாறு என்று நீங்கள் எழுதுகிற நாவல்களைத் தேடிப்பிடித்துப் படிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன் நான். வேலையில் இருந்த காலத்தில் தேர்தல் வந்தால் எங்களுக்கு எலெக்‌ஷன் டியூட்டி வந்துவிடும். முதல்நாள் சாயங்காலமே பெட்டியும் மூட்டையுமாக முன்பின் தெரியாத ஒரு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் போய் இறங்குவோம். பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுக் கொசுக்கடியில் படுத்திருந்துவிட்டு, விடியுமுன் எழுந்து, கட்சி ஏஜென்டுகள் கண்ணெதிரே மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டி, அதை அழித்து, மெஷினுக்கு சீல் வைத்துக் கதவைத் திறப்போம். அந்த வேலை என்னிடம் ஒரு பழக்கத்தை விட்டுப்போயிருக்கிறது. எந்தக் கற்பனை நாட்டுக்குள் காலடி வைத்தாலும் கண் முதலில் ஓட்டர் லிஸ்டைத்தான் தேடுகிறது.

உங்கள் நாவல்களில் அது கிடைப்பதே இல்லை. முதல் பக்கத்தில் வரைபடம் இருக்கிறது. ஆறுகளுக்குப் பெயர், வாளுக்குப் பெயர், நாயகனின் குதிரைக்கும் பெயர். விண்கலம் எந்த எரிபொருளில் ஓடுகிறது என்று இரண்டு பக்கம். அப்புறம் ஓரிடத்தில், மக்கள் அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ஒற்றை வரியில் ஆட்சியே மாறிவிடுகிறது. எந்த மக்கள்? அரண்மனையில் பாத்திரம் துலக்குகிறவள் அதில் உண்டா? போன போரில் பிடிபட்டு இரண்டு தலைமுறையாக அங்கேயே கிடக்கிற அடுத்த நாட்டுக்காரர்கள்? நாவல் முழுக்க மனிதர்களைவிடப் புத்திசாலியாகப் பேசுகிற அந்த இயந்திரம்?

இது உங்களிடம் மட்டும் காணும் குறையல்ல. உலகம் கொண்டாடும் பெரிய கைகளும் இந்த இடத்தில் நழுவியிருக்கிறார்கள். டோல்கீனின் ஹாபிட்கள் வாழும் ஷயரில் ஏழு வருஷத்துக்கு ஒருமுறை, நடுக்கோடையில், வெண்மேட்டுச் சந்தையில் மேயர் தேர்தல் நடக்கும். சாம் காம்ஜி ஏழு தடவை மேயராகிறான். விருந்துகளுக்குத் தலைமை தாங்குவதுதான் மேயரின் முக்கிய வேலை என்கிறார் ஆசிரியர். நம் ஊர்க் கவுன்சிலர்கள் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். ஆனால் அந்தச் சந்தைக்கு வராதவனுக்கு ஓட்டு உண்டா, கையைத் தூக்கினார்களா, கூழாங்கல் போட்டார்களா, ஹாபிட் பெண்கள் போட்டார்களா என்றால் பதில் இல்லை. வம்சாவளியை அத்தனை தலைமுறைக்கு எழுதி வைத்த மனிதர் அவர்.

1999இல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் நபூ கிரகத்தின் ராணிக்குப் பதினான்கு வயது. பிறப்பால் வந்த பட்டமல்ல, தேர்தலில் ஜெயித்து வந்தவள். தன்னைவிடச் சிறுவயதில் ஜெயித்த ராணிகளும் உண்டு என்று அடுத்த படத்தில் அவளே சொல்கிறாள். போட்டியிட வயது வரம்பு என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு கேள்வி முளைக்கிறது. அதே கிரகத்தில் ஏரிக்கடியில் கங்கன்கள் என்றொரு இனம் வாழ்கிறது. போர் வந்ததும் ராணி போய் மண்டியிட்டு உதவி கேட்கிறாள், அவர்கள் படை திரட்டி வந்து சாகிறார்கள். ராணியைத் தேர்ந்தெடுத்த பட்டியலில் அவர்கள் பெயர் இருந்ததா? படம் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அந்தப் போர்க்களக் காட்சியைவிட இந்த மௌனம் சுவாரசியமாக இருக்கிறது.

கேம் ஆஃப் த்ரோன்ஸ் தொடரின் கடைசிப் பகுதியை உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அடுத்த அரசன் யார் என்று பிரபுக்கள் கூடிப் பேசும்போது, ஆளப்படப்போகிற எல்லோரும் சேர்ந்து முடிவு செய்தால் என்ன என்று சாம்வெல் எழுந்து கேட்கிறான். பிரபுக்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அப்படியானால் நாய்க்கும் குதிரைக்கும் ஓட்டுக் கொடுத்துவிடலாமே என்று கேலி. அந்தப் பகுதி அமெரிக்காவில் ஒளிபரப்பான நாள் 2019 மே 19. அன்றைக்குத்தான் இங்கே மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டம். சூலூர், அரவக்குறிச்சி, ஒட்டப்பிடாரம், திருப்பரங்குன்றம் ஆகிய நான்கு சட்டமன்றத் தொகுதிகளில் இடைத்தேர்தலும் அன்றே. ஒட்டப்பிடாரத்து வெயிலில் வரிசையில் நின்ற கூலிக்காரர் ஒருவர் அந்தச் சிரிப்பைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன். நிச்சயம் அச்சில் ஏற்ற முடியாத ஒன்று.

ஆனால் அதே கேம் ஆஃப் த்ரோன்ஸ் உலகத்தில் ஒரு நல்ல தேர்தலும் உண்டு. வடக்கே பனிச்சுவரைக் காக்கும் கறுப்பு அங்கிக்காரர்கள் தங்கள் தளபதியை வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். சத்தியம் செய்து சேர்ந்த ஒவ்வொருவனுக்கும் ஒரு வாக்கு. பிரபு வீட்டுப் பிள்ளைக்கும் அதேதான், கோழி திருடி மாட்டிக்கொண்டவனுக்கும் அதேதான். திருட்டு, கொலை, கற்பழிப்பு என்று தண்டனை பெற்று வந்தவர்கள்தான் அங்கே ஏராளம். கண்டம் முழுக்க ஒரு விவசாயிக்கும் ஓட்டில்லை, குற்றவாளிக்கு உண்டு! இதை மூல நாவல்களை எழுதிய மார்ட்டின் தலைகீழ் வேடிக்கையாக எழுதினாரா, தெரிந்தேதான் செய்தாரா என்பது அவருக்கே வெளிச்சம். நம் சட்டம் இதற்கு நேர் எதிர். 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 62(5)ஆம் பிரிவுப்படி சிறையில் இருப்பவர் வாக்களிக்க முடியாது. குற்றம் நிரூபணமாகாத விசாரணைக் கைதிக்கும் கிடையாது. அதே விசாரணைக் கைதி உள்ளே இருந்தபடி தேர்தலில் நிற்கலாம், ஜெயிக்கலாம். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கொள்ள மட்டும் வழியில்லை. மிகுபுனைவாளர் ஒருவர் இப்படி எழுதினால், நம்பும்படி இல்லை என்று எடிட்டர் வெட்டியிருப்பார்.

இனி உங்களிடம் நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

தமிழில் எதிர்கால நாவல் எழுதுகிறவர்களுக்கு ஒரு ஆசை அடிக்கடி வருகிறது. படித்தவனுக்கு மட்டும் ஓட்டு, பரீட்சை எழுதிப் பாஸானவனுக்கு மட்டும் ஓட்டு, வரி கட்டுகிறவனுக்கு மட்டும் ஓட்டு. பணத்துக்கும் குவார்ட்டருக்கும் ஓட்டு விற்கும் கூட்டத்தை ஒழித்த பொன்னுலகம். டீக்கடையிலும் கேட்கிற பேச்சுதான். கிரகம் மட்டும் வேறு. இந்தப் பொன்னுலகத்தை உங்களுக்கு முன்பே கெட்டிக்காரர்கள் கட்டிப் பார்த்திருக்கிறார்கள். கட்டியவிதம் தெரிந்தால் உங்களுக்கே கொஞ்சம் தயக்கம் வரும்.

மார்க் ட்வைன் 1875இல் பெயர் போடாமல் ஒரு பத்திரிகையில் கொண்டூர் என்ற குடியரசைப் பற்றி எழுதினார். அங்கே பரம ஏழைக்கும் ஒரு ஓட்டு உண்டு, அதைப் பறிக்க மாட்டார்கள். ஆனால் சாதாரணப் பள்ளிப் படிப்பு இருந்தால் இரண்டு, உயர்நிலைப் பள்ளி முடித்தால் நான்கு, பல்கலைக்கழகம் போனவனுக்கு ஒன்பது. சொத்து சேரச் சேர அதற்கும் தனி ஓட்டுகள். சொத்தால் வந்த ஓட்டு சொத்தோடு போய்விடும் என்பதால் அதற்குச் சாகும் ஓட்டு என்று பெயர். படிப்பால் வந்தது சாகாத ஓட்டு. தெருவில் ஒருவனுக்கு எத்தனை ஓட்டு என்று பார்த்துக் கும்பிடு போடுகிறார்கள். நகைச்சுவை எங்கே முடிகிறது, ஆசை எங்கே தொடங்குகிறது என்று பிடிபடாத எழுத்து. பள்ளியும் கல்லூரியும் அங்கே இலவசம்தான், ஆனால் பிள்ளையை வேலைக்கு அனுப்பாமல் படிக்க அனுப்பக்கூடிய வீட்டில் பிறந்தவன் யார் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை.

நெவில் ஷூட் 1953இல் எழுதிய நாவலில், இன்னும் முப்பது ஆண்டு கழித்து வரப்போகிற ஆஸ்திரேலியாவில் ஒருவருக்கு ஏழு ஓட்டுவரை கிடைக்கும். பிறந்ததற்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, வெளிநாட்டில் இரண்டு வருஷம் உழைத்ததற்கு ஒன்று, விவாகரத்து இல்லாமல் இரண்டு பிள்ளைகளைப் பதினான்கு வயதுவரை வளர்த்ததற்கு ஒன்று, பெரிய சம்பாத்தியத்துக்கு ஒன்று, தேவாலயப் பொறுப்புக்கு ஒன்று. ஏழாவது, மகாராணி தன் கையால் தருவது. இந்த வரிசையைப் படித்துவிட்டு அந்த எழுத்தாளரின் முகத்தை மனசில் வரைந்து பாருங்கள். படித்தவர், நாலு இடம் போய் வந்தவர், குடும்பஸ்தர், வசதியானவர், கிறிஸ்தவர். நல்ல குடிமகனுக்கு அளவெடுக்க உட்கார்ந்தவர் தன் சட்டையை வைத்தே அளவெடுத்திருக்கிறார். பிள்ளையில்லாதவர்களும் அடிவாங்கி வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களும் அந்த நாட்டில் ஒரு ஓட்டு குறைந்தவர்கள்.

ஹைன்லைனின் நாவல் இன்னும் கறார். 1959இல் வந்த ஸ்டார்ஷிப் ட்ரூப்பர்ஸில் அரசுப் பணியில் சேர்ந்து, உடம்பை வருத்தி, உயிரோடு அதை முடித்து வெளியே வந்தவருக்கே ஓட்டு. பணியில் இருக்கும்வரை கிடையாது. நியாயமாகச் சொல்லவேண்டும்: அங்கே கண் தெரியாதவர் வந்து சேர விரும்பினாலும் மறுக்க முடியாது, ஏதாவது ஒரு வேலை கொடுத்தே ஆகவேண்டும். ஆண், பெண் பேதமும் இல்லை. ஆனால் ஒரு நுணுக்கம். அந்த ஏற்பாடு ஏன் சரி என்று பள்ளியில் பாடம் நடத்துகிறவரும் அதே பணியை முடித்து ஓட்டு வாங்கியவராகத்தான் இருக்கவேண்டும் என்பது அங்கே விதி. ஓட்டில்லாத ஒருவர் கரும்பலகை முன்னால் நின்று அதே வரலாற்றைச் சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? முப்பது வருஷத்துக்கும் மேல் கரும்பலகை முன் நின்றவன் என்பதால் கேட்கிறேன்.

இதெல்லாம் வெறும் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1893 முதல் முதலாம் உலகப்போர் முடியும்வரை பெல்ஜியத்தில் சொத்துக்கும் படிப்புக்கும் சேர்த்து ஒரு ஆணுக்கு மூன்று ஓட்டுவரை இருந்தது. பிரிட்டனில் பல்கலைக்கழகப் பட்டதாரிகள் தங்கள் ஊரில் ஒரு ஓட்டும் பல்கலைக்கழகத்துக்கென்று இன்னொன்றும் போட்டார்கள். 1948இல் சட்டம் போட்டுத்தான் நிறுத்தினார்கள். நம் நாட்டிலேயே சட்டமேலவை உள்ள மாநிலங்களில் பட்டதாரி தொகுதி, ஆசிரியர் தொகுதி என்று இன்றும் தனியாகத் தேர்தல் உண்டு. தமிழ்நாட்டிலும் 1986இல் மேலவையைக் கலைக்கும்வரை இருந்தது. கொண்டூர் அத்தனை தூரத்தில் இல்லை.

சோழர் காலத்தில் கதை நிறுத்துகிறவர்கள் குடவோலை என்றதும் நெஞ்சை நிமிர்த்துகிறீர்கள். நிமிர்த்துங்கள், அதில் பெருமை உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆண்டுகளுக்குரியவை, அத்தனையையும் எழுதி வைத்திருக்கின்றன. குடும்பு என்ற முப்பது வார்டுகள், ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு பாலகனை விட்டு எடுக்கச் சொல்வது. கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்தில் விழக்கூடாது. அவன் மாமனார், மைத்துனன், மருமகன் பெயரும் விழக்கூடாது என்பதுவரை போகிறது அந்த விதி. இன்றைய உள்ளாட்சிக்கு அதை அப்படியே கொண்டுவந்தால் பாதி ஊரில் நிற்க ஆள் இருக்காது. ஆனால் அதே கல்வெட்டு தகுதியையும் சொல்கிறது. வரி கட்டுகிற கால்வேலி நிலம், சொந்த மனையில் வீடு, வயது முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள், வேதப் பயிற்சி. அது சதுர்வேதிமங்கலத்துப் பிராமணர் சபை. அந்த நிலத்தை உழுதவன், ஏரியைத் தூர்வாரியவன், கோயில் கல்லைச் செதுக்கியவன் யாருடைய ஓலையும் குடத்தில் இல்லை. ஒரு சரித்திர நாவலாவது அந்தக் குடத்துக்கு வெளியே நின்றவன் வாயால் சொல்லப்படக்கூடாதா? அவன்தானே குடத்தை வனைந்து கொடுத்திருப்பான்!

கல்கியின் பொன்னியின் செல்வன் தொடராக வந்தது 1950 முதல் 1954 வரை. நடுவில்தான் சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. சோழ சிம்மாசனம் எந்த இளவரசனுக்கு என்று வாராவாரம் பதைத்துக்கொண்டிருந்த வாசகர்களில் பலர், அதே மாதங்களில் வாழ்க்கையில் முதல்தடவையாக ஓட்டுப் பெட்டியின் முன்னால் போய் நின்றார்கள். அந்தத் தேர்தல் பட்டியலில் நடந்த ஒன்றை உங்களில் யாராவது கதையாக்கவேண்டும். வட மாநிலங்களில் ஏராளமான பெண்கள் கணக்கெடுக்க வந்தவரிடம் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்னார்கள். பெயர் சொன்னால்தான் பதிவு என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. சென் செய்தது சரி என்றே நினைக்கிறேன். அடுத்த தேர்தலில் பெயர்கள் வந்து சேர்ந்தன. இருந்தாலும் ஒரு கற்பனை நாட்டில், உண்மைப் பெயரை வெளியே சொன்னால் சாபம் பிடிக்கும் என்று நம்பும் ஊரில், இப்படி ஒரு கணக்கெடுப்பு நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். மந்திரமும் நிர்வாகமும் மோதுகிற இடம் அது. டிராகன் வேண்டியதில்லை.

பெண்கள் என்றதும் இன்னொன்று. ரோக்கியா சகாவத் உசேனின் சுல்தானாவின் கனவு முதலில் அச்சேறியது நம் சென்னையில் வெளிவந்த ஒரு பெண்கள் பத்திரிகையில், 1905இல். ஆண்கள் வீட்டுக்குள், பெண்கள் ஆட்சியில். சூரிய வெப்பத்தில் சமையல், வானில் ஊர்தி, மேகத்திலிருந்து நேரே தண்ணீர். இத்தனையும் கற்பனை செய்தவர் ஆட்சியை ஒரு மகாராணி கையில்தான் கொடுத்தார். குறை சொல்லவில்லை, அப்போது உலகில் பெண்களுக்கு ஓட்டுரிமை தந்த நாடுகளை விரல்விட்டு எண்ணலாம். சென்னை மாகாணத்தில் சொத்துள்ள பெண்களுக்கு அது வந்ததே 1921இல்தான். பறக்கும் வண்டியைக்கூட ஒருவர் முன்கூட்டியே பார்த்துவிடுகிறார். எல்லோருக்கும் சம ஓட்டு என்பது அதைவிடக் கடினமான கற்பனை.

பட்டியலில் பெயர் இல்லாமல் போவது எப்படியிருக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். மதியம் கூட்டம் குறைந்த நேரம். ஒரு கிழவி பூத் சிலிப் இல்லாமல் ரேஷன் கார்டோடு வந்தார். பட்டியலில் பெயர் இருந்தது, அதன் மேலே நீக்கம் என்று அடித்திருந்தது. இறந்தவர் கணக்கில் யாரோ சேர்த்துவிட்டார்கள். எதிரும் புதிருமான மூன்று கட்சி ஏஜென்டுகளும் ஒரே குரலில், சார் இது எங்க ஊர் ஆத்தாதான் என்றார்கள். எனக்கு விதி இடம் தரவில்லை. ஆள் இவர்தானா என்று சந்தேகம் கிளப்ப ஏஜென்டுக்கு விதி உண்டு, இரண்டு ரூபாய் கட்டவேண்டும். நம் ஓட்டை வேறொருவர் போட்டுவிட்டால் டெண்டர் ஓட்டு உண்டு. சர்கார் படம் வந்தபிறகு அந்த விதியின் எண் 49பி என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். ஆனால் இரண்டுக்கும் பட்டியலில் பெயர் உயிரோடு இருக்கவேண்டும். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, மையாவது வச்சு விடுப்பா, தெருவுல கேப்பாளுக என்று விரலை நீட்டினார். அதற்கும் விதி இல்லை.

ஒருவருக்கு நேர்ந்தது ஒரு சமூகத்துக்கே நேர்ந்த கதை நமக்கு அருகிலேயே இருக்கிறது. இலங்கையில் 1931இலேயே சர்வஜன வாக்குரிமை வந்துவிட்டது. மலையகத் தோட்டத் தமிழர்கள் 1947 தேர்தலில் வாக்களித்துத் தங்கள் பிரதிநிதிகளைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். மறுவருஷம் குடியுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனாவது, இல்லையென்றால் பாட்டனும் கொள்ளுப்பாட்டனுமாவது அந்த மண்ணில் பிறந்ததற்குக் காகிதம் காட்டச் சொன்னது. லயத்து வரிசை வீடுகளில் பிறந்தவர்களிடம் ஏது காகிதம்? 1949இல் ஓட்டும் போயிற்று. 1952 தேர்தலில் அதே மலைகளில் அதே ஆட்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், பட்டியலில் இல்லை. கடைசி முடிச்சு அவிழ 2003வரை ஆயிற்று. உங்கள் கிரகங்களில் ஒரு இனத்தை அழிக்க லேசர் பீரங்கி வைக்கிறீர்கள். ஒரு விண்ணப்பப் படிவம் போதும்.

இயந்திரங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் ஐசக் அசிமோவை மறுபடி படிக்கலாம். 1955இல் அவர் எழுதிய ஒரு சிறுகதையில், 2008ஆம் வருஷ அமெரிக்காவில் ஒரே ஒரு வாக்காளர்தான். மல்டிவாக் என்ற கணினி நாட்டிலேயே சராசரியான ஒரு ஆளைப் பொறுக்கி, முட்டை விலை பற்றியெல்லாம் கேட்டு, மொத்தத் தேர்தல் முடிவையும் கணித்துவிடும். அந்த ஆள் ஓட்டுக்கூடப் போடுவதில்லை. போட்டதாகப் பெருமையோடு வீட்டுக்குப் போகிறான். கருத்துக்கணிப்பை நம்பி ராத்திரி தூங்கப் போகும் நம்மவர்களுக்கு அது புரியும். எவிடென்ஸ் என்ற அவருடைய இன்னொரு கதையில் மேயர் பதவிக்கு நிற்பவர் மனிதரா ரோபோவா என்று எதிர்த்தரப்பு சந்தேகம் கிளப்புகிறது. நம்ம ஏஜென்டின் இரண்டு ரூபாய் ஆட்சேபணையேதான். தான் மனிதன் என்று ஒருவர் எதைக் காட்டி நிரூபிப்பது? அசிமோவ் கதையை அந்தக் கேள்வியின் மேலேயே நடத்துகிறார்.

நான் கேட்பது உங்கள் கதைகளில் நல்ல ஜனநாயகம் நடக்கவேண்டும் என்றல்ல. கொடுங்கோலர்களை எழுதுங்கள், குலுக்கலில் ராஜா வரட்டும், பேய்களுக்கும் ஓட்டுக் கொடுங்கள். ஆனால் தகுதி என்று ஒன்றை வைத்தால், அந்தப் பரீட்சைக்குக் கேள்வித்தாள் எடுத்தவர் யார், அவர் அதில் பாஸாவாரா என்று ஒரு அத்தியாயம் செலவிடுங்கள். இதுவரை நான் படித்த எந்தக் கற்பனை நாட்டிலும் கேள்வித்தாள் எடுத்தவர் ஃபெயிலானதில்லை. மூவாயிரம் வருஷம் வாழ்கிற இனத்துக்கு வாக்குரிமை எந்த வயதில் வருகிறது, இரண்டு உலகத்தில் பெற்றோர் உள்ளவனுக்கு எந்த உலகத்தில் ஓட்டு, உருமாறுகிறவன் எந்த முகத்தோடு வரிசையில் நிற்பான் என்பதையெல்லாம் நாவலின் பின்னிணைப்பில் தள்ளிவிடாதீர்கள். கதையே அங்கேதான் இருக்கிறது.

அடுத்த பாகத்தை எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். முடிசூட்டு விழாவுக்கு முந்தைய அத்தியாயத்தில், பட்டியலில் பெயரில்லாத ஒருவரை வாக்குச்சாவடி வாசலுக்கு அனுப்புங்கள். மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர் அவரிடம் என்ன சொல்கிறார் என்று எழுதுங்கள். புத்தகம் வந்ததும் முதல் பிரதியை நானே காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன்,
முன்னாள் வாக்குச்சாவடித் தலைமை அலுவலர்